முதலாண்டுக் களப்பணி: பினாங்கில் ஆறா, கடற்கரையா, மலைச்சரிவா, நகர வெப்பமா?

இயற்கைப் புவியியலும் சுற்றுச்சூழலும் சேர்ந்த அறிமுகப் பாடத்தை எடுக்கும் முதலாண்டு மாணவர்களுக்கு, செமஸ்டரின் ஐந்தாவது வாரம் நெருங்கும்போது ஒரே குழப்பம்தான். களப்பணிக்கு எதை எடுப்பது? மூன்று நான்கு பேர் கொண்ட குழு, ஒரே ஒரு களநாள், பிறகு அறிக்கை. தலைப்பை விரிவுரையாளர் பெரும்பாலும் மாணவர்களிடமே விட்டுவிடுகிறார். படிவம் ஆறில் புவியியல் எடுத்தவர்களுக்குக் கொஞ்சம் பழக்கம் இருக்கும். மெட்ரிகுலேஷன் வழியாக வந்தவர்களுக்கு அளவுநாடாவை ஆற்றின் குறுக்கே பிடிப்பதே முதல் அனுபவமாக இருக்கும்.

பினாங்குத் தீவில் இந்தக் குழப்பம் இன்னும் கூடுதல். 833 மீட்டர் உயர கருங்கல் மலை, அதிலிருந்து சில கிலோமீட்டரிலேயே கடலைத் தொட்டுவிடும் சிற்றாறுகள், வடக்கே மணல் கரை, கிழக்கே நெருக்கமான பழைய நகரம் என்று எல்லாமே ரேபிட் பினாங்கு பேருந்து எட்டும் தூரத்தில் இருக்கின்றன. எதை எடுத்தாலும் நன்றாக வரும் என்று தோன்றும். ஆனால் நான்கும் ஒன்றல்ல. ஒவ்வொன்றும் வேறு இடத்தில் நேரத்தையும் உழைப்பையும் வாங்கும். கோலாலம்பூரில் படிப்பவர்களுக்குக் கடற்கரை மட்டும்தான் தூரம். மற்ற மூன்றுக்கும் இங்கே சொல்வது அங்கும் பொருந்தும்.

## எதை வைத்து முடிவெடுப்பது

முதலில் பார்க்க வேண்டியது எண்ணிக்கை. ஒரே முறையில், ஒரே நிபந்தனையில் அளந்த புள்ளிகள் ஒரு நாளில் எத்தனை கிடைக்கும்? அறிக்கையில் பெரும்பாலான குழுக்கள் ஸ்பியர்மன் தரவரிசை ஒட்டுறவைப் பயன்படுத்துகின்றன (இரண்டு அளவைகள் சேர்ந்து ஏறி இறங்குகின்றனவா என்று வரிசை எண்களை வைத்துப் பார்க்கும் கணக்கு). ஐந்து இடங்களில் மட்டும் அளந்தால், 0.05 மட்டத்தில் இருபக்கச் சோதனையில் தேற ஒட்டுறவு சரியாக 1 ஆக இருக்க வேண்டும். ஒரே ஓர் இடம் வரிசை மாறினாலும் முடிவு போய்விடும். பத்து இடங்கள் இருந்தால் 0.648 போதும். ஐந்துக்கும் பத்துக்கும் நடுவில்தான் பல அறிக்கைகள் தடுமாறுகின்றன. எழுத்து எவ்வளவு நன்றாக இருந்தாலும் அந்தக் குறையை மறைக்க முடியாது.

இரண்டாவது, நேரம் யார் கையில் இருக்கிறது என்பது. கடற்கரையில் அலையேற்றம், ஆற்றில் மதிய இடிமழை, நகரத்தில் சூரிய மறைவு. உங்கள் வகுப்பு அட்டவணை இவற்றுக்கு வளைந்து கொடுக்குமா என்று பாருங்கள்.

மூன்றாவது, களத்துக்குப் பிறகான ஆய்வக வேலை. திட்டம் போடும்போது யாரும் இதைக் கணக்கில் எடுப்பதில்லை. நான்காவது அனுமதி, ஐந்தாவது பாதுகாப்பு. கடைசியாக, பாடத்தில் படித்த மாதிரிக்கும் பினாங்கின் உண்மை நிலைக்கும் எவ்வளவு பொருத்தம் என்பது. பொருந்தாமல் போவதில் தவறே இல்லை. ஏன் பொருந்தவில்லை என்று சொல்லப் போதுமான அளவீடு கையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

| | ஆறு | கடற்கரை | மலைச்சரிவு மண் | நகர வெப்பம் |
|---|---|---|---|---|
| ஒரு களநாளில் கிடைப்பது | 6 முதல் 8 குறுக்குவெட்டுகள் | 3 அல்லது 4 பக்கத்தோற்றங்கள் (கரையின் சாய்வு வடிவம்), 12 மணல் மாதிரிகள் | 6 முதல் 8 நீர் ஊடுருவல் புள்ளிகள் | 12 முதல் 15 நிறுத்தங்கள் |
| குறைந்தது எத்தனை பேர் | 4 | 3 | 3 | 2 |
| நேரத்தைத் தீர்மானிப்பது | மதிய மழை | அலையேற்றம், இறக்கம் | முந்தைய இரண்டு நாள் மழை | சூரிய மறைவு, காற்று |
| ஆய்வகம் | வேண்டாம் | உலர்கலன், சல்லடை | உலர்கலன், சூளை | வேண்டாம் |
| அனுமதி | பூங்கா அல்லது வளாக நிர்வாகம் | பொதுக்கரைக்குப் பொதுவாக வேண்டாம். தேசியப் பூங்காவுக்கு வேண்டும் | வனக்காப்பு என்றால் கட்டாயம் | வேண்டாம் |
| கண்ணில் படாத செலவு | காய்ச்சல் அபாயம், நனைந்த கருவி | சல்லடை நேரம் | தண்ணீர் சுமப்பது | குறைந்தது மூன்று இரவுகள் |

## ஆறு

அறிமுகப் பாடத்துக்கு மிக இயல்பாகப் பொருந்துவது இதுதான். கருவிகள் எளியவை, கணக்கு எளியது, முடிவு அன்றே தெரிந்துவிடும். தண்ணீர்மலைக் கோயிலுக்குப் பக்கத்தில் தாவரவியல் பூங்கா வழியாக ஓடும் சுங்கை ஆயர் தெர்ஜுன் நல்ல இடம். பாறைப் படுகை, முழங்காலுக்குக் கீழே தண்ணீர், பத்தாம் எண் பேருந்து வாசல்வரை போகும். பூங்கா அலுவலகத்தில் பல்கலைக்கழகக் கடிதத்தோடு முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். மேலே நீர்ப்பிடிப்புப் பகுதிக்குள் அனுமதியின்றி நுழையக் கூடாது.

ஒரு குறுக்குவெட்டுக்கு ஆகும் வேலை இது. அளவுநாடாவை நீரோட்டத்துக்குச் செங்குத்தாக, தொய்வில்லாமல் இழுத்துப் பிடியுங்கள். மூன்று மீட்டர் அகலத்துக்கு 25 சென்டிமீட்டருக்கு ஒரு முறை ஆழம் பாருங்கள். பிறகு பத்து மீட்டர் நீளத்தைக் குறித்து, மிதவையை ஐந்து முறை விட்டு நேரம் பாருங்கள். பாறைகள் இடையூறாக இருந்தால் ஐந்து மீட்டர் போதும். மிதவைக்கு ஆரஞ்சுப் பழம் நல்லது. அது முக்கால்வாசி மூழ்கியே மிதப்பதால் காற்று தள்ளாது. வெற்றுப் புட்டியும் தெர்மோகோல் துண்டும் காற்றில் ஓடிவிடும். மேற்பரப்பு வேகத்தை 0.85ஆல் பெருக்கினால் சராசரி வேகம் கிடைக்கும். பெரும்பாறைப் படுகையில் இந்தக் காரணி இன்னும் கொஞ்சம் குறையும். எந்த மதிப்பை எடுத்தீர்கள் என்பதை அறிக்கையில் எழுதுங்கள்.

ஓர் எடுத்துக்காட்டு. அகலம் 3.2 மீ., சராசரி ஆழம் 0.18 மீ. என்றால் பரப்பு 0.576 சதுர மீட்டர். மேற்பரப்பு வேகம் விநாடிக்கு 0.40 மீ. என்றால் சராசரி வேகம் 0.34 மீ. இரண்டையும் பெருக்கினால் விநாடிக்கு 0.196 கனமீட்டர், அதாவது சுமார் 196 லிட்டர். இப்போது ஆழத்தை மூன்று சென்டிமீட்டர் கூடுதலாகப் படித்துவிட்டால் விடை 228 லிட்டராகிறது. ஏறக்குறைய 17 விழுக்காடு பிழை. இந்த மூன்று சென்டிமீட்டர் எங்கிருந்து வருகிறது என்றால், அளவுகோலின் தட்டையான முகத்தை நீரோட்டத்துக்கு எதிரே பிடிப்பதிலிருந்துதான். தண்ணீர் கோலில் மோதி மேலேறும், அந்த மேட்டைப் படிப்பவர் நீர்மட்டம் என்று நினைத்துவிடுவார். கோலின் மெல்லிய விளிம்பு நீரோட்டத்தைப் பார்க்க வேண்டும். மணல் படுகையில் கோலை அழுத்தவும் கூடாது, புதைந்துவிடும். வேகத்தை அளக்கும்போது ஐந்து முறை திரும்பச் செய்யும் குழுக்கள்கூட ஆழத்தை ஒரே முறை பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகின்றன. பிழை அதிகம் ஒளிந்திருப்பது ஆழத்தில்தான்.

கூழாங்கல் அளவு எடுப்பதாக இருந்தால் ஓரிடத்துக்கு நூறு கல் வேண்டும். ஓரடி வைத்து, கீழே பார்க்காமல் கால் நுனிக்கு அருகே கைவிரலை இறக்கி, முதலில் படும் கல்லை எடுத்து நடு அச்சை அளக்க வேண்டும். கண்ணால் பார்த்து எடுத்தால் கை தானாகப் பெரிய, வழவழப்பான கல்லுக்கே போகும்.

இனி மாதிரியோடு பொருத்தம். கீழே போகப் போக நீரளவு, அகலம், ஆழம், வேகம் கூடும், கல் சிறுக்கும் என்று பாடம் சொல்கிறது. பினாங்கில் ஆறுகள் குட்டை. மேலே குடிநீருக்கு எடுத்துவிடுகிறார்கள், கீழே கான்கிரீட் கரை கட்டியிருக்கிறார்கள். இன்னும் கீழே, சுங்கை பினாங்கு கடலை நெருங்கும் பகுதியில், ஏற்றத்தின்போது கடல்நீர் உள்ளே வந்து ஓட்டத்தை நிறுத்திவிடும், சில நேரம் பின்னோக்கியும் தள்ளும். அங்கே மிதவை விட்டு "வேகம் குறைகிறது" என்று எழுதினால், அது ஆற்றைப் பற்றிய முடிவே அல்ல. அதனால் "தோற்றம் முதல் முகத்துவாரம் வரை" என்ற தலைப்பை எடுக்க வேண்டாம். இயற்கைப் படுகை உள்ள பகுதியில் நான்கு, கான்கிரீட் கரை உள்ள பகுதியில் நான்கு என்று ஒப்பிடுங்கள். கரடுமுரடு, நீரியல் ஆரம் (குறுக்குவெட்டுப் பரப்பை நனைந்த விளிம்பின் நீளத்தால் வகுத்தது), வெள்ளம் வேகமாக வருவதற்கான காரணம் எல்லாம் அதற்குள் வந்துவிடும். 2017 நவம்பர் 4, 5 தேதிகளில் பினாங்கை மூழ்கடித்த வெள்ளத்தோடும் இதை இணைத்துப் பேசலாம்.

நீர்த்தரத்தை எடுக்க நினைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. மலேசியாவின் நீர்த்தரக் குறியீட்டுக்கு ஆறு அளவைகள் வேண்டும்: கரைந்த ஆக்சிஜன், உயிரிய ஆக்சிஜன் தேவை, வேதி ஆக்சிஜன் தேவை, அம்மோனியா நைட்ரஜன், மிதக்கும் திண்மம், பி.எச். இவற்றில் உயிரிய ஆக்சிஜன் தேவைக்கு மட்டும் 20 டிகிரியில் ஐந்து நாள் அடைகாக்க வேண்டும். நான்கு அளவைகளை மட்டும் எடுத்துவிட்டு "குறியீடு" என்று எழுதக் கூடாது. நான்கையும் தனித்தனியாக, இருக்கிறபடியே தாருங்கள்.

பாதுகாப்பில் இரண்டு விஷயங்கள். ஒன்று எலிச்சிறுநீர்க் காய்ச்சல். காலில் வெட்டுக்காயம் இருப்பவர் தண்ணீரில் இறங்க வேண்டாம், மற்றவர்கள் பூட்ஸ் போடுங்கள். களப்பணி முடிந்து ஓரிரு வாரத்தில் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால், ஆற்றில் இறங்கியதை கிளினிக்கில் முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் டெங்கி என்றே முதலில் தேடுவார்கள். இரண்டாவது திடீர் நீரேற்றம். கீழே வெயில் அடிக்கும்போதே கொடிமலையில் (பினாங்கு ஹில்) மழை கொட்டலாம். தண்ணீர் பழுப்பாவதும் இலைதழை மொத்தமாக மிதந்து வருவதும் தெரிந்தால், கருவி கிடக்கட்டும், கரையேறுங்கள். காலை எட்டுக்குத் தொடங்கி ஒரு மணிக்குள் முடிப்பதே நல்லது. நீர்ப்பாசன வடிகால் துறையின் இணையத்தளத்தில் மழை அளவும் ஆற்று மட்டமும் உடனுக்குடன் பார்க்கலாம்.

பூங்காவில் குரங்குகளும் உண்டு. நெகிழிப் பை சலசலத்தாலே வந்துவிடும். மாதிரிகளையும் சாப்பாட்டையும் ஜிப் வைத்த முதுகுப்பைக்குள் வையுங்கள்.

## கடற்கரை

படத்தில் அழகாக வரும், அதனால் பலரும் முதலில் கை வைப்பது இதில்தான். நல்ல தேர்வுதான், ஆனால் திட்டமிடத் தெரிந்தவர்களுக்கு. தீவின் வடக்குக் கரையில் பத்து ஃபெரிங்கியும் தெலுக் பஹாங்கும் 101ஆம் எண் பேருந்துப் பாதையில் இருக்கின்றன.

முதல் வேலை அளவைத் துறை வெளியிடும் அலையேற்ற முன்கணிப்பு அட்டவணையைப் பார்ப்பது. பினாங்கில் ஒரு நாளில் இரண்டு ஏற்றம், இரண்டு இறக்கம். பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய நாள்களில் ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் சுமார் இரண்டு மீட்டர் வேறுபாடு வரும். தாழ்மட்டத்துக்கு ஒன்றரை மணி முன்பே தொடங்கி, ஒன்றரை மணி பின்பு முடிக்க வேண்டும். அந்த மூன்று மணி நேரம் தவறினால் கரையின் கீழ்ப்பாதி தண்ணீருக்குள் போய்விடும். தாழ்மட்டம் வெளிச்சத்தில் வரும் வார இறுதியைத் தேடிப் பிடிக்க வேண்டும். ஒரு செமஸ்டரில் அப்படிப்பட்ட நாள்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை.

பக்கத்தோற்றம் எடுக்க விலையுயர்ந்த கருவி தேவையில்லை. சென்டிமீட்டர் குறித்த ஒன்றரை மீட்டர் கோல்கள் இரண்டு, நடுவே இரண்டு மீட்டர் கயிறு. மேலே நிற்பவர் கடலின் தொடுவானத்தையும் கீழ்க் கோலின் உச்சியையும் ஒரே கோட்டில் பார்த்து, தன் கோலில் அந்தக் கோடு எங்கே வெட்டுகிறது என்று படிப்பார். உச்சியிலிருந்து அதுவரை உள்ள தூரமே தரை இறங்கிய அளவு. இதற்குத் தொடுவானம் தெளிவாகத் தெரிய வேண்டும். வடக்குக் கரையில் தெரியும். கிழக்கே எதிர்க்கரையும் கடலை நிரப்பிய நிலமும் மறைக்கும் இடங்களில் இந்த முறை தவறான விடை தரும். அங்கே சாய்வுமானிதான்.

தொடங்கும் புள்ளி நகராத பொருளாக இருக்கட்டும்: மரத்தடி, சுவரின் மூலை, மின்கம்பம். "புல் முடியும் இடம்" என்று எழுதினால் அடுத்த முறை அதே இடத்துக்குத் திரும்ப முடியாது, ஒப்பிடவும் முடியாது.

மணலின் மேற்புற இரண்டு சென்டிமீட்டரை மட்டும் 200 கிராம் எடுங்கள். ஆழமாக அள்ளினால் பழைய புயலின் மணலும் கலந்துவிடும். ஆய்வகத்தில் நன்னீரில் இரண்டு மூன்று முறை அலசி உப்பைப் போக்கி, 105 டிகிரியில் ஓர் இரவு உலர்த்தி, 2, 1, 0.5, 0.25, 0.125, 0.063 மில்லிமீட்டர் சல்லடைகளில் பத்துப் பதினைந்து நிமிடம் குலுக்க வேண்டும். அலசாவிட்டால் உப்பு மணலை உருண்டையாக ஒட்டிவிடும், மணல் உண்மையைவிடப் பருமனாகத் தெரியும். குலுக்கிய பிறகு எல்லாத் தட்டுகளின் எடையையும் கூட்டிப் பாருங்கள். தொடக்க எடையோடு ஒரு விழுக்காட்டுக்கு மேல் வேறுபட்டால் எங்கோ சிந்தியிருக்கிறது, திரும்பச் செய்யுங்கள்.

இங்கேதான் கண்ணில் படாத செலவு. குலுக்கல், எடை, சல்லடையைத் தூரிகையால் துடைப்பது எல்லாம் சேர்ந்து மாதிரிக்கு அரை மணி. பன்னிரண்டு மாதிரிக்கு ஆறு மணி நேரம். செமஸ்டர் கடைசியில் எல்லாக் குழுவும் ஒரே குலுக்கியைக் கேட்கும். களநாளை உறுதி செய்யும் அன்றே ஆய்வக உதவியாளரிடம் நேரம் வாங்கிவிடுங்கள்.

பருமணல் உள்ள கரை செங்குத்தாகவும் நுண்மணல் கரை தட்டையாகவும் இருக்கும் என்பது பாடம். பத்து ஃபெரிங்கியில் ஹோட்டல் முன்பகுதியில் மணலைச் சமன்படுத்துவதும் தடுப்புச் சுவரும் வடிகால் வாயும் இதைக் குலைக்கும். அவற்றிலிருந்து விலகி நில்லுங்கள், அல்லது அவற்றையே கேள்வியாக்குங்கள். சுவர் உள்ள கரை, சுவர் இல்லாத கரை என்ற ஒப்பீடு மிக நன்றாக வரும்.

தேசியப் பூங்காவின் பந்தாய் கெராச்சுட் பலரை இழுக்கும். கடல்நீரும் நன்னீரும் அடுக்கடுக்காக நிற்கும் ஏரி அங்கே இருக்கிறது, ஆமைப் பாதுகாப்பு மையமும் இருக்கிறது. போய்ப் பாருங்கள், கட்டாயம் பார்க்க வேண்டிய இடம். ஆனால் அளவெடுக்க அதைத் தேர்ந்தெடுக்காதீர்கள். நுழைவுப் பதிவு, மாதிரி எடுக்க அனுமதி, காட்டுவழி நடை, திரும்பும்போது பன்னிரண்டு பை மணல் எல்லாம் சேர்ந்து அந்த மூன்று மணி நேரத்தைத் தின்றுவிடும்.

அலையில் இடுப்பளவு இறங்க வேண்டாம். கொடுக்குள்ள ஜெல்லிமீன்கள் இந்தக் கரைகளில் உண்டு. நீண்ட கால்சட்டையும் காலணியும் போடுங்கள்.

## மலைச்சரிவு மண்

நான்கில் மிகக் கனமான கேள்வி இதற்குள் இருக்கிறது. 2017 அக்டோபர் 21 அன்று தஞ்சோங் பூங்கா (Tanjung Bungah) பகுதியில் ஒரு கட்டுமானத் தளத்தில் சரிவு இடிந்து 11 தொழிலாளர்கள் இறந்தார்கள். ஓராண்டு கழித்து, 2018 அக்டோபர் 19 அன்று புக்கிட் கூக்குசில் 9 பேர். தீவின் கருங்கல் வெப்பமண்டல மழையில் பல மீட்டர் ஆழத்துக்குச் சிதைந்து மண்ணாகியிருக்கிறது, நடுவே சிதையாத உருண்டைப் பாறைகள். அந்த மண்ணுக்குள் நீர் எப்படிப் போகிறது என்று அளப்பது வெறும் பயிற்சி அல்ல.

அதற்காகச் சரிந்த இடத்துக்கோ வெட்டிய சாலைச் சரிவுக்கோ போகாதீர்கள். கொடிமலைப் பகுதி 2021 முதல் யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகம். வனக்காப்புக்குள் தோண்ட வனத்துறை அனுமதி வேண்டும், அது வர நாள் பிடிக்கும். முதலாண்டுக்கு வளாகத்து மேடே போதும்: மரத்தடி, புல்வெளி, ஆள் நடந்து இறுகிய ஒற்றையடிப் பாதை ஆகிய மூன்று நிலப்போர்வைகள்.

15 சென்டிமீட்டர் விட்டமுள்ள இரும்பு வளையத்தை மண்ணுக்குள் ஐந்து சென்டிமீட்டர் இறக்குங்கள். மேலே மரக்கட்டை வைத்துத் தட்டினால் சாயாமல் இறங்கும். உள்ளே ஐந்து சென்டிமீட்டர் நீர் நிரப்ப 0.88 லிட்டர் வேண்டும். மட்டம் இறங்குவதை முதல் ஐந்து நிமிடம் ஒவ்வொரு நிமிடமும், பிறகு ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறையும் குறியுங்கள். வேகம் மாறாமல் நிலைக்கும்வரை தொடர வேண்டும். மரத்தடியில் மண் தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருக்கும், நடைபாதையில் அரை மணி ஆனாலும் மட்டம் அசையாது. வளையத்தின் ஓரத்தில் நீர் கசிந்தால் அந்தப் புள்ளியை விட்டுவிடுங்கள். இருபது லிட்டர் தண்ணீர் என்றால் இருபது கிலோ, யார் சுமப்பது என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள். முந்தின நாள் மழை பெய்திருந்தால் எல்லாப் புள்ளியும் ஒன்றுபோல் நிறைந்திருக்கும், வேறுபாடு தெரியாது.

ஆய்வகத்தில் ஒரு பொறி. கரிமப் பொருளை அறிய மண்ணை 550 டிகிரியில் எரித்து எடை இழப்பைப் பார்க்கும் முறை பல கையேடுகளில் இருக்கிறது. நம் மண்ணில் கயோலினைட் களிமண் அதிகம். 400 டிகிரியைத் தாண்டினாலே அது தன் அமைப்புக்குள் இருக்கும் நீரை விடத் தொடங்கும். அந்த நீரும் கரிமப் பொருளாகக் கணக்கில் ஏறிவிடும். 375 டிகிரியில் நீண்ட நேரம் வைப்பது பாதுகாப்பு. காரணத்தையும் அறிக்கையில் ஒரு வரியில் எழுதுங்கள். மண்துகள் அளவு பார்ப்பதானால் சோடியம் ஹெக்சாமெட்டாபாஸ்பேட் கரைசலில் ஊறவைக்காமல் சல்லடையில் போடாதீர்கள், களிமண் கட்டிகள் மணலாக எண்ணப்படும்.

## நகர வெப்பம்

மாணவர்கள் கடைசியாக நினைப்பது இது. எங்கள் கணிப்பில் பல குழுக்களுக்கு முதலில் நினைக்க வேண்டியது இதுதான். அனுமதி வேண்டாம், ஆய்வகம் வேண்டாம், இரண்டு பேர் போதும், புள்ளிகளின் எண்ணிக்கையோ நான்கிலும் இதில்தான் அதிகம்.

ஜார்ஜ்டவுனில் பாடாங் கோத்தா லாமாவின் கடலோரத் திடலில் தொடங்கி, லிட்டில் இந்தியா வழியாக கொம்தார் வரை போய், வேறு தெருவில் திரும்பித் தொடங்கிய இடத்துக்கே வாருங்கள். பன்னிரண்டு நிறுத்தங்கள் வையுங்கள். நேரம் இரவு எட்டரை முதல் பத்து. பகலில் அல்ல. சுவரும் தாரும் பகலில் வாங்கிய வெப்பத்தை இரவில்தான் விடுகின்றன, நகரத்துக்கும் திறந்த வெளிக்கும் உள்ள வேறுபாடு அப்போதுதான் தெளியும்.

வெப்பமானியைத் தரையிலிருந்து ஒன்றரை மீட்டரில், உடம்பிலிருந்து தள்ளிப் பிடியுங்கள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் மூன்று நிமிடம் காத்திருந்து, எண் அசையாமல் நின்ற பிறகே எழுதுங்கள். ஏர்கான் வெளிப்பெட்டி, ரொட்டிச்சானாய்க் கல், பேருந்து நிற்குமிடம் ஆகியவற்றிலிருந்து விலகி நில்லுங்கள். கடைவீடுகளின் ஐந்தடி நடைபாதைக்குள் நின்றால் எல்லா நிறுத்தத்திலும் உள்ளேயே நில்லுங்கள். பாதி உள்ளே, பாதி வெளியே என்றால் அளந்தது தெருவையா கூரையையா என்று சொல்ல முடியாது.

நடந்துகொண்டிருக்கும்போதே ஊர் குளிர்ந்துகொண்டிருக்கும், அதைத் திருத்த வேண்டும். எட்டரைக்குத் திடலில் 29.4 டிகிரி, பத்து மணிக்குத் திரும்பும்போது அதே இடத்தில் 28.6 என்று வைத்துக்கொள்வோம். 90 நிமிடத்தில் 0.8 குறைந்திருக்கிறது. 45ஆவது நிமிடத்தில் எடுத்த எண்ணோடு 0.4 கூட்ட வேண்டும். இந்தத் திருத்தம் இல்லாத அறிக்கையில், கடைசியாகப் போன இடமெல்லாம் குளிர்ச்சியான இடமாகிவிடும். இரண்டு கருவிகள் பயன்படுத்தினால் முந்தைய நாள் அரை மணி ஒரே அறையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அவற்றின் வேறுபாட்டைக் குறித்துக்கொள்ளுங்கள். மலிவுக் கருவியில் அரை டிகிரி வேறுபாடு சாதாரணம், நீங்கள் தேடுவதோ இரண்டு மூன்று டிகிரி.

செயற்கைக்கோள் படத்தை இதோடு சேர்க்க ஆசை வரும். லேண்ட்சாட் தருவது கூரை, தார், இலை ஆகியவற்றின் பரப்பு வெப்பநிலை, அதுவும் பகல் பதினொன்றரை மணி வாக்கில். உங்கள் கையில் இருப்பது இரவுக் காற்றின் வெப்பநிலை. இரண்டையும் ஒரே அட்டவணையில் கலக்காதீர்கள். மேகமில்லாத படம் கிடைப்பதும் நம் ஊரில் எளிதல்ல.

இதன் செலவு இரவுகள். ஒரே இரவு போதாது. காற்று பலமாக வீசினால் வேறுபாடு முழுவதும் கலைந்துவிடும், மழை பெய்தாலும் அப்படியே. காற்றில்லாத, தெளிந்த மூன்று இரவுகள் வேண்டும். ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் எளிது. செப்டம்பர், அக்டோபர் மழைக்காலத்தில் ஐந்தாறு இரவுகளை ஒதுக்கி வைத்தால்தான் மூன்று தேறும்.

உயரத்தோடு வெப்பம் குறைவதை கொடிமலை ரயிலில் ஏறி அளக்கலாமா என்று கேட்கிறார்கள். நூறு மீட்டருக்குச் சராசரி 0.65 டிகிரி என்றால் 700 மீட்டரில் நாலரை டிகிரி, நன்றாகவே தெரியும். ஆனால் ரயிலில் போனால் அடியும் உச்சியும் என்று இரண்டே புள்ளிகள். தாவரவியல் பூங்காவிலிருந்து ஏறும் ஜீப் பாதையில் நடந்தால் பத்துப் புள்ளி கிடைக்கும், அதற்குள் பொழுது ஏறி வெப்பநிலையும் மாறிவிடும். அடிவாரத்தில் ஒருவர் நின்று ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை குறித்தால்தான் அது சரியாகும்.

## யாருக்கு எது

நான்கு பேரும் காலையில் வரக்கூடிய குழுவா? ஆறு. புள்ளியியலைவிட நில உருவத்தில் ஆர்வமும், ஆய்வகத்தில் நேரமும் இருக்கிறதா? கடற்கரை. அலையேற்ற அட்டவணையை இன்றே பார்த்து, ஒத்துவரும் நாள் இரண்டு வாரத்துக்குள் இல்லை என்றால் விட்டுவிடுங்கள். சுற்றுச்சூழல் மேலாண்மைக்கு அடுத்த ஆண்டு போக நினைப்பவர்களுக்கு மண் மிகப் பயன்படும். ஆனால் சூளையும் உலர்கலனும் உங்கள் துறையில் முதலாண்டு மாணவர்களுக்குத் திறந்திருக்கின்றனவா என்று முதலில் கேளுங்கள். பகுதிநேர வேலைக்குப் போகிறவர்கள், நீந்தத் தெரியாதவர்கள், இரண்டே பேர் உள்ள குழு, எல்லாருக்கும் நகர வெப்பம்.

சதுப்புநிலக் காட்டைப் பற்றியும் கேள்வி வருகிறது. பாலேக் பூலாவ் பக்கம் இருக்கிறது, மிக அருமையான சூழல். ஆனால் சேற்றில் ஒருவர் இடுப்புவரை புதைந்தால் இழுத்தெடுக்க ஆள் வேண்டும். விரிவுரையாளர் கூட வராமல் முதலாண்டில் வேண்டாம்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் களநாளுக்கு ஒரு வாரம் முன்பு இரண்டு மணி நேரம் ஒதுக்கி, ஒரே ஒரு புள்ளியை மட்டும் முழுமையாக அளந்து பாருங்கள். அதற்கு ஆன நிமிடங்களை, நடக்கும் நேரத்தோடு சேர்த்து, நீங்கள் திட்டமிட்ட புள்ளிகளின் எண்ணிக்கையால் பெருக்குங்கள். விடை களநாளைவிட நீளமாக வந்தால், புள்ளிக்கு எடுக்கும் அளவைகளில் ஒன்றைக் கைவிடுங்கள். புள்ளிகளைக் குறைக்காதீர்கள்.